'நாங்கள் முறையாக வந்தவர்கள்' என்று சொன்ன பெரியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை இங்கே அமெரிக்காவில் நாம் நடத்திய விழாவில் நடந்தது உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். காணொளியும் எல்லாக் குழுக்களிலும் சுற்றிவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் சீனத் தொழிலாளர் இந்த நாட்டுக்குள் வருவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தைப் பற்றிப் பத்து நிமிடம் தெளிவாகப் பேசினாள். அவள் மேடையிலிருந்து இறங்கும் முன்பே நாம் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர் எழுந்து, "அவர்கள் சட்டத்தை மீறி வந்தார்கள், தடுத்தார்கள். நாங்கள் முறையாக வரிசையில் நின்று வந்தவர்கள். எங்களை அவர்களோடு சேர்க்காதே அம்மா" என்றார். உடனே கைதட்டல். அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் என்னை மூன்று நாட்களாக வருத்துகிறது.

ஐயா, தங்கள் வயதுக்கு உரிய மரியாதையோடு கேட்கிறேன்: அவர்கள் மீறிய சட்டம் எது? 1850களில் சீனர்கள் கலிஃபோர்னியாவுக்குக் கப்பலேறியபோது அவர்களைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை, விசாவும் இல்லை. அயர்லாந்துக்காரரும் ஜெர்மானியரும் எப்படிப் பயணச்சீட்டு வாங்கி வந்து இறங்கினார்களோ, அப்படியேதான் இவர்களும் வந்தார்கள். போதாக்குறைக்கு 1868இல் அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்ட பர்லிங்கேம் ஒப்பந்தம், இரு நாட்டு மக்களும் தடையின்றிப் போய்வரலாம் என்று ஏற்றுக்கொண்டது. அவர்கள் வந்தது முறையாகத்தான். முறை பிறகு மாற்றப்பட்டது. இந்த ஒன்றைத்தான் அந்தப் பெண் பத்து நிமிடமும் சொன்னாள்.

யாருக்கு எதிராக மாற்றினார்கள் என்பதையும் பாருங்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை வெடிமருந்து வைத்துப் பிளந்து, நாளொன்றுக்கு ஓரடி, இரண்டடி என்று சுரங்கப்பாதை தோண்டி, சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையை இட்டவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சீனர்கள். 1867இல் வெள்ளைத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மலை முகாம்களுக்குப் போகும் உணவை நிறுத்தியே நிறுவனம் அதை முறியடித்தது. 1869 மே 10ஆம் நாள் இரு திசைத் தண்டவாளங்களும் இணைந்தன. அதற்குப் பதின்மூன்றே ஆண்டுகளில், 'இனிச் சீனத் தொழிலாளர் வரக்கூடாது, இருப்பவர்கள் குடியுரிமை பெறக்கூடாது' என்று சட்டம் வந்தது. அதற்கும் மூன்றாண்டுகள் கழித்து வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரில் 28 சீனர்கள் கொல்லப்பட்டு, அவர்கள் குடியிருப்பு கொளுத்தப்பட்டது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

"சீனர்கள் போயே ஆக வேண்டும்" என்று சான் பிரான்சிஸ்கோவின் மணல் திடலில் கூட்டந்தோறும் முழங்கியவர் டெனிஸ் கியர்னி. அவர் அயர்லாந்தில் பிறந்தவர். 1844இல் ஃபிலடெல்ஃபியாவில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தேவாலயங்களை எரித்தார்கள். அவர்களையும் இந்த நாட்டோடு ஒட்டாதவர்கள் என்றுதான் சொன்னார்கள். அந்த வசையைத் தன் இனத்தார் வாங்கி ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது, அதற்குள் அதை அடுத்தவர் மேல் எறிய அவருக்கு நா கூசவில்லை. பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரைவிட உரக்கக் கதவைச் சாத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதும் அந்தக் குரலைத்தான். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நாம் நின்றதாகச் சொல்லும் வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1907இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் மர அறுவை ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை, அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள், ஒரு கூட்டம் அடித்து ஊரைவிட்டே விரட்டியது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு வாசலை மூடியது. 1923இல், குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமக்களாக முடியாது என்றது. முறையாக வந்து, முறையாகக் குடியுரிமை பெற்று, சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பாகாயிடமிருந்து அந்தக் குடியுரிமையைப் பறித்தார்கள். முன்னால் தடைகள், பின்னால் எரிந்துபோன பாலங்கள் என்ற பொருளில் கடிதம் எழுதிவைத்துவிட்டு 1928இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைவிட முறையாக வந்தவர்களா ஐயா நாம்? 1946இல்கூட ஆண்டுக்கு 100 இந்தியர் என்றுதான் ஒதுக்கினார்கள். நமக்கான வாசல் உண்மையில் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில், கறுப்பின மக்கள் அடிபட்டுச் சிறைப்பட்டு நடத்திய உரிமைப் போராட்டம் இந்த நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய பிறகு. நாம் வரிசையில் நின்றது உண்மை. அந்த வரிசை நாம் போட்டதல்ல.

'சீனர்கள் பொய்க் காகிதம் காட்டி வந்தார்களே' என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆம், வந்தார்கள். 1906 நிலநடுக்கத் தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோன பிறகு, சரிபார்க்க வழியில்லாததால், இங்கே பிறந்தவரின் மகன் என்று சொல்லிப் பலர் வந்தார்கள். நேர்வழி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஏன் சுவரேறிக் குதித்தாய் என்று கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 'குறைந்த கூலிக்கு வந்து மற்றவர் பிழைப்பைக் கெடுத்தார்கள்' என்பது இன்னொருவர் கேள்வி. அதில் ஓரளவு உண்மை உண்டு. ராக் ஸ்பிரிங்ஸில் வேலைநிறுத்தத்தை உடைக்கத்தான் ரயில் நிறுவனம் சீனர்களைக் கொண்டுவந்தது. அப்படியென்றால் கோபம் நிறுவனத்தின் மேல் அல்லவா வந்திருக்க வேண்டும்? எரிந்தது முதலாளியின் மாளிகை அல்ல, தொழிலாளியின் குடிசை. 'பழங்கதையை ஏன் கிளறுகிறாய்' என்றவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் அப்பா இறந்தபோது என் குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்றார் வழக்கறிஞர். மனைவி ஆறு மாதக் கர்ப்பம். அப்பாவுக்குத் தம்பி கொள்ளி வைப்பதை நான் இங்கே சமையலறையில் நின்றுகொண்டு கைபேசித் திரையில் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் முறையாகச் செய்திருந்தேன். ஒரு காகிதத்தில்கூடப் பிழை இல்லை.

அதன் பிறகுதான் சே சான் பிங் என்ற சீனரின் வழக்கைப் படித்தேன். சான் பிரான்சிஸ்கோவில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். அரசு கொடுத்த மறுநுழைவுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு 1887இல் ஊருக்குப் போனார். 1888 அக்டோபரில் அவர் கப்பல் திரும்பிக் கடலில் வந்துகொண்டிருந்தபோதே, அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. துறைமுகத்தில் இறங்க விடவில்லை. உச்ச நீதிமன்றமும் 1889இல் அது சரிதான் என்றது. சொந்த ஊரைப் பார்க்கப் போய் அப்படி வெளியே மாட்டிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அவர் துணிந்து போனார், நான் பயந்து போகாமல் இருந்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இருக்கலாம். எனக்கு அவர் அந்நியர் இல்லை.

கைதட்டியவர்களில் பலரின் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்ததாலேயே குடிமக்கள். அந்த உரிமையை 1898இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டியவர் வாங் கிம் ஆர்க், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஒரு சீனச் சமையல்காரர். "எங்களை அவர்களோடு சேர்க்காதே" என்கிறீர்கள். உங்கள் பேரக்குழந்தைகளின் கடவுச்சீட்டிலேயே அவரைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஐயா.

இந்தப் பதிவை நீக்கச் சொல்லி நேற்றிலிருந்து மூன்று பேர் அழைத்துவிட்டார்கள். பெரியவர் மனம் புண்படுமாம். அந்தப் பெண் தன் குறிப்புத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறியதை நான் பார்த்தேன். அவளை இதுவரை அழைத்துப் பேசியவர் ஒருவரும் இல்லை. நீக்க மாட்டேன்.