அடுத்து எதில் போகலாம்?

மென்பொருள் வேலையில் ஐந்தாறு வருஷம் ஓட்டியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கிளவுடா, டேட்டாவா, ஏஐயா? ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் போதும், அடுத்த வாரமே அதற்கு ஒரு கோர்ஸ் வாங்கிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எந்த மாதிரிப் பிரச்சினையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட உங்களுக்குப் பொறுமை இருக்கிறது என்று பார்த்துத்தான் திசையை முடிவு செய்ய வேண்டும். கருவி அப்புறம்.

இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷை மட்டுமே நம்பி எத்தனை பேர் பிழைத்தார்கள், 2020 டிசம்பரோடு அடோபியே அதற்கு முழுக்குப் போட்டுவிட்டது. 2010இல் வந்து எல்லோரும் ஓடிஓடிப் படித்த, இணையப் பக்கங்கள் கட்டும் கருவியான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 முடிவோடு கூகுள் ஆதரவை நிறுத்தியது. ஆனால் 1970இல் கணினி விஞ்ஞானி எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய ரிலேஷனல் டேட்டாபேஸ் (தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறை) இன்னும் அசையவில்லை. ஒரு புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் 2013இல் வந்தபோது புத்தம் புதிதாகத் தெரிந்தது, உள்ளே திறந்து பார்த்தால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏற்கெனவே இருந்த, புரோகிராம்களைப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸும் அவற்றுக்கு வரம்பு போடும் சிகுரூப்பும்தான். லினக்ஸை ஒழுங்காகத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அதைப் பிடித்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. அடித்தளத்தில் நேரம் போடச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, உங்கள் பிரச்சினை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ப்ரொடக்‌ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) ஏதாவது விழுந்தால் உங்கள் கை முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சிலர் நேராக டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் ஸ்லோ குவெரியைத் தேடி, அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்ப்பார்கள், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸை அது ஏன் எடுக்கவில்லை என்று தெரியாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. சிலர் நெட்வொர்க்கை, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுவார்கள். இன்னும் சிலர் எந்தப் பயனருக்கு என்ன பாதிப்பு என்று முதலில் கேட்டு, யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல்லி, ஆட்களை ஒன்றுசேர்ப்பார்கள். இந்த மூன்று பேருக்கும் ஒரே பாதையைக் காட்டுவது அநியாயம். யாரும் சொல்லாமலே நீங்கள் எதைத் தோண்டுகிறீர்களோ அங்கேதான் உங்களால் ஆழமாகப் போக முடியும்.

மேனேஜர் ஆவதைப் பதவி உயர்வு என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அது வேறு வேலை. ஒருவருக்கு அப்ரைசலில் குறைந்த ரேட்டிங் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும், இரண்டு பேர் சண்டையைத் தீர்க்க வேண்டும், நாள் முழுக்க மீட்டிங்கில் போகும். இதில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும், நல்ல மேனேஜர்கள் நமக்கு நிறையத் தேவை. சம்பளத்துக்காக மட்டும் போகாதீர்கள். ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று டெக்னிக்கல் பாதையிலேயே மேலே போக வழி வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் இடத்தில் அப்படி இல்லை என்றால் கம்பெனி மாறுவதுகூட நல்ல முடிவுதான்.

ஏஐ கோடு எழுதித் தருகிறதே என்ற பயம் எனக்குப் புரிகிறது. எழுதித் தந்தது சரியா, சுமை ஏறினால் எங்கே உடையும் என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும், அதற்கும் இதே அடித்தளம்தான்.

சர்டிஃபிகேட் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்பெனி பணம் கட்டினால் எழுதுங்கள். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் சர்டிஃபிகேட் என்றால் மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். சொந்தப் பணம் என்றால், அதற்கு முன்னால் உங்கள் டீமில் யாருமே தொடப் பயப்படும் பழைய மாட்யூல் ஒன்று கண்டிப்பாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்து, டெஸ்ட் எழுதி, ஒரு பகுதியையாவது மாற்றிப் பாருங்கள்.