தளிக்கு யானை வரும், ஆனால் ஜீப் சவாரிக்கு அல்ல

"டிசம்பரில் தளி வந்து ஜீப் பிடித்தால் யானைக் கூட்டம் கேரண்டி" என்று கிருஷ்ணகிரி மாவட்டத் தளியைப் பற்றிச் சொல்வது பாதிதான் சரி. பெங்களூரு பக்கத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக ஓசூர் பக்கம் இறங்குவது நிஜம். ராகி கதிர் முற்றும் நேரம் அது. ஆனால் வாடகை ஜீப்பில் நினைத்தபடி காட்டுக்குள் போக முடியாது. இங்குள்ள காவிரி வடக்கு வனப்பகுதி 2014 முதல் வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்குதான்.

பகலில் யானைகள் ஓசூர் அருகே சானமாவு போன்ற காடுகளில் நிற்கும், இருட்டியதும் வயலுக்கு வரும். விடியற்காலை வனத்துறை ஆட்கள் திருப்பி ஓட்டும்போது ஓரத்தில் செல்போனோடு கும்பல் நின்றால் யானைக் கூட்டம் இரண்டாக உடையும். குட்டியைப் பிரிந்த தாய் யாரை முட்டும் என்று சொல்ல முடியாது.

அஞ்செட்டி ரோட்டில் யானை குறுக்கே வந்தால் நூறு மீட்டர் தள்ளியே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன், பிளாஷ் கூடாது. கடைசி யானை போனதும் உடனே கிளம்பாதீர்கள். பின்தங்கிய ஒன்று புதரில் நிற்கும்.

பன்னேர்கட்டா பூங்கா சஃபாரி வேலிக்குள் நடப்பது, அதையும் இதையும் குழப்ப வேண்டாம். கூட்டமாகப் பார்க்க ஆசையென்றால் ஏப்ரல், மே மாதத்தில் கர்நாடகத்தின் கபினி அணைப் பக்கம் போங்கள். பின்நீர் வற்றிப் புல் முளைத்த கரைக்கு யானைகள் தானாக வரும். சஃபாரி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.