இராகலைக்கும் ஒரு காலத்துல கோச்சி போச்சு

கொழும்பு கோட்டையில பதுளை கோச்சி (ரயில்) ஏறி நுவரெலியா போறோம்னு கெளம்புறவங்க எல்லாம் நானுஓயாவுல எறங்கி த்ரீவீல்காரரோட பேரம் பேசிட்டு நிக்கிறாங்க, ஆனா 1903லயே அங்கருந்து நுவரெலியா டவுனுக்கு சின்ன கோச்சி ஓடிச்சு, அடுத்த வருசமே கந்தப்பளை தாண்டி இராகலை வரைக்கும் போயிருச்சு. மொத்தமே 19 மைல் தான். (இப்ப ஆக ஒசரமான ஸ்டேசன்னு பட்டிப்பொல போர்ட் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்குறோமே, கந்தப்பளை ஸ்டேசன் அதுக்கும் மேல.)

மெயின் லைன் அகலம் அஞ்சரை அடி, இது வெறும் ரெண்டரை அடி. மலைய சுத்தி சுத்தி ஏற அது தான் தோது, செலவும் கம்மி. கடைசியில அதுவே எமனா வந்துச்சு. இராகலையில ஏத்துன தேயிலைப் பெட்டிய நானுஓயாவுல எறக்கி மறுபடி பெரிய கோச்சியில ஏத்தணும், கூலி ரெண்டு தடவ, நேரமும் வீண். லொறி வந்தப்பறம் ஸ்டோர் (தேயிலை ஃபேக்டரி) வாசல்ல ஏத்துனா நேரா கொழும்புல எறக்கலாம், பெறகு எந்த தோட்டத்து தொரை கோச்சிய தேடுவாரு? 1940கள்ல லைன மூடிட்டாங்க, தண்டவாளமும் போச்சு.

இந்த லைன பத்தி பேச்சு வந்தாலே "ஆஹா வெள்ளக்காரன் காலம்"னு ஒரு பெருமூச்சு விடுவாங்க பாருங்க, எனக்கு அங்க தான் கடுப்பு. கோச்சி விட்டதே பெட்டிக்காக தான், கொழுந்து பறிச்சவங்களுக்காக இல்ல. பெட்டி ரோட்டு வழியா போக ஆரம்பிச்சதும் ஸ்டேசனும் வேணாம்னு ஆயிருச்சு. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) இருக்க சனம் எப்டி டவுனுக்கு போவும்னு யாரு கேட்டா? கேக்க வைக்க ஓட்டாவது இருந்துச்சான்னா 1948 சட்டத்துல குடியுரிமை போச்சு, அடுத்த வருசம் ஓட்டும் போச்சு.

டூரிஸ்ட்டுக்காக திரும்ப போடலாமேன்னு சொல்றவங்களும் இருக்காங்க. போடுங்க, நல்லது தான். ஆனா கதவுல தொங்கி செல்ஃபி எடுக்குறவங்களுக்கு முன்னாடி, காலையில நெரிசல் பஸ்ல போற பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு ஒரு பெட்டி, பேலியகொடை மொத்த சந்தைக்கு வர்ற கரட் லீக்ஸ் மூட்டைக்கு ஒரு பெட்டி ஒதுக்குங்க. டிக்கெட்ட டொலர்ல தான் விப்பீங்கன்னா அந்த லைன் வேணவே வேணாம்.