தோட்டம் மூடினால் பிறப்புப் பதிவும் அழிந்துவிடுமா? இல்லை

‘தோட்டம் கைமாறி ஆபிஸையும் இடித்துவிட்டார்கள், அங்கே பிறந்தவர்களின் பிறப்புப் பதிவு இனி எங்குமே கிடைக்காது’ என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வாட்சப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தோட்டத்துக் கணக்கரான கிராணி வைத்திருந்தது செக்ரோல், அதாவது வேலை நாள், கூலிக் கணக்கு. பிறப்புப் பதிவேடு ஜேபிஎன் எனும் தேசியப் பதிவுத் துறையுடையது, தோட்டத்தோடு போகாது.

பிறப்புப் பத்திரம் தொலைந்தவர்கள் அடையாள கார்டோடு ஜேபிஎன் முகப்புக்குப் போய், பதிவைத் தேடித் தரும்படி கேளுங்கள். பிறந்த தேதி, இடம், பெற்றோரின் பெயர், அவர்களின் கார்டு எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். தேடல் சிக்குவது எழுத்துக்கூட்டலில். வீட்டில் லட்சுமி என்பார்கள், பதிவில் லெட்சுமி என்றிருக்கும். தெரிந்த வடிவங்களை எல்லாம் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தோட்டப் பெயர் மட்டும் போதாது. பிரசவம் டவுன் ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் பிறந்த இடம் அதுதான்.

தேடியும் இல்லையென்றால், பதியாமலே விட்டிருக்கலாம். அப்போது தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய கிளினிக் கார்டும் தமிழ்ப்பள்ளிச் சான்றிதழும் துணை ஆதாரமாக உதவுவது அங்கேதான். தயவுசெய்து அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.