1991-க்கு அப்புறம் நடந்தது எங்கே?

'தலைவி' படம் ஜெயலலிதாவின் வாழ்க்கையை நேர்மையாகச் சொல்கிறது என்று அந்தப் படத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றில் வந்த கருத்தை ஏற்க முடியவில்லை. 1989 மார்ச் 25-ல் சட்டசபையில் நடந்த அமளியைக் காட்டும் காட்சி மனதை உலுக்குகிறது, சரி. ஆனால் 1991-ல் அவர் முதல்வரானதோடு படத்தை முடித்துவிட்டார்களே! பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தவரும் அவர்தான், 1995-ல் வளர்ப்பு மகன் கல்யாணத்தை ஊரே வாய்பிளக்க நடத்தியவரும் அவர்தான். மறுவருஷமே தேர்தலில் பர்கூர் தொகுதியில் தோற்றார். 2001-ல் அதே மக்கள் அவர் கட்சியை மறுபடி ஆட்சியில் உட்காரவைத்தார்கள். ஏன்? அதைத்தானே படம் தேடியிருக்க வேண்டும்? 2014-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டு சிறை விதித்தது. இங்கே அமைச்சர்கள் தேம்பி அழுதபடியே பதவிப்பிரமாணம் எடுத்தார்கள். மறுவருஷம் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்ததும் திரும்ப முதல்வரானார். இந்த 25 வருஷத்தை யாராவது துணிந்து படமாக்கினால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.