செத்தவர் கதையை என்னிடம் சொல்லாதீர்கள்

மீனவர் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தாவது ஒருவர் வந்துவிடுகிறார். "இந்த டிசைனை வைத்துத்தானே கடலில் செத்தவர் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பார்கள்?" ஐயோ சாமி!

அயர்லாந்தின் அரன் தீவுகளில் குடும்பத்துக்கு ஒரு டிசைன் இருந்ததாக ஆதாரமே கிடையாது. இந்தக் கதைக்கு மூலம் என்று சொல்லப்படும், அயர்லாந்து எழுத்தாளர் ஜே. எம். சிங்கின் 1904 நாடகம் ஒன்றில், கடலில் மூழ்கிச் செத்தவனின் துணிமூட்டையைப் பிரித்து அவன் சகோதரி அடையாளம் காண்கிறாள். எதை வைத்து? காலுறையை வைத்து! பின்னும்போது தான் தவறவிட்ட நாலு கண்ணிகளை வைத்து. அதில் ஸ்வெட்டர் எங்கே வந்தது? ஆனால் இன்றைக்கும் குடும்பப் பெயரை ஒட்டி அதை விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிணத்தைக் காட்டினால் வியாபாரம் நடக்கும் போல.

சரி, பேச வேண்டியதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? நான் பின்னுவது இங்கிலாந்துக் கடற்கரையின் கான்ஸி என்கிற மீனவர் ஸ்வெட்டர். உடம்புப் பகுதி தையலே இல்லாமல் குழாய் போல வரும். முன்னும் பின்னும் ஒன்றுதான், திருப்பியும் போடலாம். அக்குளில் டைமண்ட் வடிவில் ஒரு துண்டு சேர்ப்பார்கள். வலையை இழுக்கக் கை தூக்கினால் ஸ்வெட்டர் மேலே ஏறாது. கையைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுவார்கள். முதலில் நைந்துபோவது மணிக்கட்டு ஓரம்தானே, அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். எந்தப் புண்ணியவதி யோசித்தாளோ! அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அப்புறம் அந்தக் கருநீலம். ஈர்க்குச்சி மொத்தத்தில் ஊசி, முறுக்கேறிய நூல், ஒரு சுற்றுக்கு முந்நூறு கண்ணிக்கு மேல். ராத்திரி டியூப்லைட்டில் எது நேர்ப் பின்னல், எது மறுபக்கப் பின்னல் என்று விரலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்து போகிறது, கண் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறவர் கேட்கிறார்: "கடையில் இதே பாதி விலைக்குக் கிடைக்குமே?"

கிடைக்கும். மெஷினில் ஓட்டி, துண்டு துண்டாக வெட்டி, தைத்தது கிடைக்கும். அக்குளில் ஒன்றும் இருக்காது. கையைத் தூக்கினால் தொப்புள் தெரியும். ஆனால் கழுத்துப்பட்டியில் ஒரு அட்டை கண்டிப்பாகத் தொங்கும், அதில் அதே செத்த மீனவர் கதை!

அடுத்து கேட்கிறவர் கையில் ஊசியையும் கருநீல நூலையும் திணித்து, "அந்த அக்குள் துண்டை மட்டும் பின்னிக் கொடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்" என்று சொல்லப் போகிறேன்.