2004 சுனாமியை அமெரிக்கா முன்கூட்டியே அறிந்து மறைத்ததா?

"சுனாமி வருவது அமெரிக்காவுக்குத் தெரியும்; இந்தியப் பெருங்கடலில் உள்ள தன் டியாகோ கார்சியா ராணுவத் தளத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு இந்தியாவையும் இலங்கையையும் கைவிட்டது" என்ற செய்தி ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இது உண்மையல்ல.

நிலநடுக்கம் இந்திய நேரப்படி 26.12.2004 காலை 6.29 மணிக்கு ஏற்பட்டது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 6.44 மணிக்கு வெளியிட்ட முதல் அறிக்கை, அதன் அளவை 8.0 என்று மிகக் குறைத்து மதிப்பிட்டு, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று மட்டுமே கூறியது. 7.34 மணிக்கு வந்த இரண்டாம் அறிக்கை அளவை 8.5 ஆக உயர்த்தி, நடுக்கம் ஏற்பட்ட இடத்தின் அருகே சுனாமி எழக்கூடும் என்றது. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்போ, அலையை உடனுக்குடன் காட்டும் போதிய கருவிகளோ அன்று இல்லாததால், பேரலை எழுந்ததை அம்மையமே 9 மணியளவில், இலங்கையில் உயிரிழப்பு என்ற இணையச் செய்திகளைப் பார்த்துத்தான் அறிந்தது. தொலைபேசியிலாவது இன்னும் விரைந்து பலரை எச்சரித்திருக்கலாம் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் அது சதிக்குச் சான்றாகாது.

டியாகோ கார்சியா பெரும் சேதமின்றித் தப்பியதற்குக் காரணம், அத்தீவைச் சூழ்ந்த ஆழ்கடலும் செங்குத்தாக இறங்கும் கடலடிச் சரிவும் ஆகும்.

பேரிடருக்குப் பின் அமெரிக்கா எந்த உதவியும் செய்யவில்லை என்று அச்செய்தியோடு வரும் பின்குறிப்பும் தவறு. முதலில் 1.5 கோடி டாலர் மட்டும் அறிவித்துக் கண்டனத்துக்குள்ளான அந்நாடு, சில நாள்களிலேயே அதை 35 கோடியாக உயர்த்தியது. ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலின் ஹெலிகாப்டர்கள் இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு உணவும் நீரும் கொண்டு சேர்த்தன.

அன்றைய நிகழ்வுகளின் நேர வரிசையை அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பு பொதுவெளியில் வெளியிட்டுள்ளது, எவரும் சரிபார்க்கலாம். இச்செய்தி உங்களுக்கு வந்தால் மேலும் பகிர வேண்டாம், அனுப்பியவருக்கும் இவ்விவரத்தைத் தெரிவியுங்கள்.